இழுபடும் சிலிக்காவும் ஒற்றை நீர் மூலக்கூறும்

ஆத்தங்குடிக் கல் வார்க்கும் பட்டறைகளில் ஒவ்வொரு கல்லும் ஒரு கண்ணாடித் தகட்டின் மேல்தான் உருவாகிறது. தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, பூவேலை அச்சின் அறைகளில் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அதன் மேல் மணல் கலவையை நிரப்புவார்கள். கல்லின் வழவழப்பு கண்ணாடியிடமிருந்து வருவது. நாள் முழுதும் ஈரத்தில் கிடக்கும் அத்தகட்டின் ஓரத்தில் சிறு சில்லு பெயர்ந்திருந்தால், யாரும் தட்டாமலேயே அங்கிருந்து ஒரு விரிசல் உள்நோக்கி நீளக்கூடும். காரைக்குடியில் இருந்தபடி கணினியில் நான் செய்துவரும் உருவகப்படுத்தல்கள் அந்த விரிசலின் நுனியைப் பற்றியவை.

விரிசல் வளர்வதில் ஈரத்துக்குப் பங்குண்டு என்பதை வீடர்ஹார்ன் 1967-இல் அளந்து காட்டினார். நைட்ரஜன் வளிமத்தின் ஈரப்பதத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தபோது, ஒரே தகைவின் (ஓர் அலகுப் பரப்பின் மேல் செயல்படும் விசையின்) கீழ் விரிசலின் வேகமும் உடன் மாறியது. இதற்கு அணு அளவிலான விளக்கத்தை 1982-இல் மிச்சல்ஸ்கியும் ஃப்ரைமனும் முன்வைத்தார்கள். கண்ணாடியின் அடிப்படைப் பொருளான சிலிக்காவில் இரண்டு சிலிக்கான் அணுக்களை ஓர் ஆக்சிஜன் அணு பாலமாக இணைக்கிறது. சிலிக்கானுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான தொலைவு சுமார் 0.16 நானோமீட்டர். இழுவிசையால் திரிபுற்ற, அதாவது இயல்பான வடிவம் மாறிய, பாலத்தை ஒரு நீர் மூலக்கூறு நெருங்கும்போது, நீரின் ஆக்சிஜன் தன் தனித்த எலக்ட்ரான் இணையைச் சிலிக்கானுக்கு நீட்டுகிறது; நீரின் ஒரு புரோட்டான் பாலத்து ஆக்சிஜனுக்குத் தாவுகிறது; பாலம் அறுந்து, இருபுறமும் ஒவ்வொரு ஹைட்ராக்சில் தொகுதி எஞ்சுகிறது. திரிபில்லாத சிலிக்காவில் இதே வினைக்கு ஆற்றல் தடை மிக உயரம் என்பதால்தான் நம் வீட்டுச் சன்னல்கள் ஐப்பசி மழையில் கரையாமல் நிற்கின்றன.

இதைக் கணினியில் காட்டுவதில் முதல் சிக்கல், பிணைப்பு முறிவதை எந்தக் கணக்கிடம் ஒப்படைப்பது என்பது. அணுக்களுக்கிடையிலான விசைகளை எளிய சூத்திரத்தால் கணக்கிடும், 1990-இல் வெளிவந்த பிகேஎஸ் விசைச்சார்பு சிலிக்காவின் கட்டமைப்பை நன்றாகவே தருகிறது. ஆனால் புரோட்டான் தாவுவது எலக்ட்ரான்களின் விவகாரம், அதற்குக் குவாண்டம் கணக்கு வேண்டும். நூறு அணுக்களைச் சற்றே மிஞ்சும் ஒரு நானோகோலை, அதாவது மிகச் சிறிய சிலிக்காக் கோலை, முழுவதும் குவாண்டம் முறையில் நடத்தலாம். ஆயிரக்கணக்கில் அணுக்கள் என்றால் வினை நடக்கும் பகுதியை மட்டும் அவ்வாறு நடத்தி, மீதியைப் பழைய விசைச்சார்பிடம் விட வேண்டும். இரண்டும் சந்திக்கும் எல்லையில் அறுபட்ட பிணைப்புகளை எப்படி மூடுவது என்பதில்தான் என் நேரத்தில் பெரும்பங்கு போகிறது. எல்லை சரியில்லாவிட்டால், நீர் வருவதற்கு முன்பே கோல் பொய்யாகத் திரிபுற்று நிற்கும்.

காலம் இதைவிடப் பெரிய சிக்கல். அணுக்களின் நகர்வை அடி அடியாகக் கணக்கிடும் மூலக்கூறு இயக்கவியலில் ஓர் அடி என்பது சுமார் ஒரு ஃபெம்டோநொடி. ஒரு நானோநொடியைக் கடக்கவே பத்து லட்சம் அடிகள் தேவை. மெதுவாக வளரும் விரிசலோ நொடிக்கு 0.1 நானோமீட்டர்கூட நகராமல் இருக்கலாம், அதாவது ஒரு பிணைப்பு அறுபடப் பல நொடிகள் ஆகலாம். அவ்வளவு நேரம் கணினியில் காத்திருக்க முடியாது என்பதற்காகக் கோலை அசுர வேகத்தில் இழுத்துப் பிய்த்து, அந்தப் படத்தைக் கருத்தரங்கில் ஓட்டிக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதில் நீர் தன் வேலையைச் செய்ய அவகாசமே பெறுவதில்லை.

ஆகவே, கோலைக் குறிப்பிட்ட தகைவில் நிறுத்திவைத்து, வினையின் தொடக்க நிலைக்கும் முடிவு நிலைக்கும் நடுவே இடைநிலைகளைச் சங்கிலியாகக் கோத்து, ஆற்றல் தடையைக் கடக்க மிகத் தாழ்ந்த கணவாயைத் தேடும் முறையையே நான் நம்புகிறேன். 2005-இல் டிங் ஷூவும் உடனாய்வாளர்களும் ஒற்றை நீர் மூலக்கூறு தாக்கும் சிலிக்கா நானோகோலில் இம்முறையைக் கையாண்டு, தகைவைப் பொறுத்து மூன்று வெவ்வேறு வழிகள் போட்டியிடுவதைக் கண்டார்கள்: நீர் முதலில் பிரிவது, நீர் முழு மூலக்கூறாகவே ஒட்டிக்கொள்வது, பாலம் நேரடியாக அறுவது. எந்த வழி முந்துகிறது என்பதைத் தகைவே தீர்மானிக்கிறது என்பது ஒற்றை ஓட்டப் படத்திலிருந்து கிடைக்கக்கூடிய முடிவன்று.

இரண்டாவது நீர் மூலக்கூறு சேர்ந்தால் புரோட்டானைக் கைமாற்றிக் கொடுத்துத் தடையை அது இன்னும் தாழ்த்தும். இப்போது என் கணினியில் ஓடிக்கொண்டிருப்பது அந்தக் கணக்கு. பட்டறைத் தகட்டுக்கு இந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது. அது சோடியமும் கால்சியமும் கலந்த கண்ணாடி, அதன் மேல் கிடக்கும் சிமெண்டு நீரோ கடுங்காரம்.