அம்பிளிபயரின் பியூஸை மாற்றினால் பாட்டு இனிக்குமா?

கனடாவில் இருக்கும் மச்சான், தன் அம்பிளிபயரில் இருந்த கண்ணாடிப் பியூஸைக் கழற்றிவிட்டு, நூறு டொலருக்கு மேல் கொடுத்து வாங்கிய 'ஓடியோ பியூஸ்' ஒன்றைப் போட்டதிலிருந்து வயலின் தெளிந்து கேட்கிறது என்று சொல்லி, அதே வகையில் ஒன்றை மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கும் எனக்கும் அனுப்பியிருந்தார். அதன் உடலில், எந்தப் பக்கமாகப் பூட்ட வேண்டும் என்று காட்டும் அம்புக்குறி வேறு. நம் வீடுகளுக்கு வருவது 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்டம். செக்கனுக்கு 100 தடவை திசை மாறும் மின்னோட்டத்துக்கு அம்புக்குறி எந்தப் பக்கம் பார்த்தால்தான் என்ன?

பின்பக்கத்துப் பியூஸின் வழியாகப் பாட்டு செல்வதே இல்லை. அதைக் கடந்த மின்சாரம் நிலைமாற்றியில் அழுத்தம் குறைந்து, நேரோட்டமாக்கப்பட்டு, பெரிய கொள்ளளவிகளில் சேர்ந்த பிறகுதான் ஒலியைப் பெருக்கும் பகுதிக்குப் போகிறது. 3.15 அம்பியர் பியூஸொன்றின் தடை ஓமின் நூறில் சில பங்குதான் என்பதால், ஓர் அம்பியர் ஓடும்போது அதில் இழக்கப்படுவதும் வோல்ட்டின் நூறில் சில பங்குதான். மாலையில் ஊரெல்லாம் விளக்குப் போடும்போதும், குசினியில் கேத்தலைப் போடும்போதும் 230 வோல்ட் இதைவிடப் பல மடங்கு தள்ளாடுகிறது. அதற்கெல்லாம் மாறாத வயலின் இதற்கு மட்டும் மாறுமா? தடை குறைவதுதான் இனிமைக்குக் காரணமென்றால், அடிக்கடி பியூஸ் போகிறதென்று சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிப் போட்ட திருவிழா ஒலிபெருக்கிகள் தேவகானம் பாடியிருக்க வேண்டும். (அப்படிச் சுற்றுவது தீயை விலைக்கு வாங்குவதாகும்.)

ஸ்பீக்கருக்குப் போகும் கம்பியில் பியூஸ் இருந்தால் மட்டும் கதை வேறு. அங்கே இசையின் மின்னோட்டமே அந்த மெல்லிய இழையைச் சுட வைக்கிறது. இழை சூடேறத் தடை கூடும், ஆறக் குறையும். தாழ்ந்த சுரங்களில் இந்த ஏற்றவிறக்கம் ஒவ்வோர் அலையோடும் நடப்பதால், அளவுகருவியில் தெரியும் திரிபு, குறிப்பாக மூலச் சுரத்தின் மும்மடங்கு அதிர்வெண்ணில் எழும் மூன்றாம் இசைச்சுரத் திரிபு, உண்டாகிறது. அது விலையுயர்ந்த பியூஸின் இழைக்கும் பொதுவான குணம்.

மச்சானுக்கு வேறுபாடு கேட்டிருந்தால், பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டும்போது தொடுமுனைகள் உரசிச் சுத்தமாகியதும் காரணமாகலாம். கேட்க வேண்டும் என்ற ஆசைதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். எது உள்ளே இருக்கிறது என்று சொல்லாமல் இன்னொருவர் மாற்றிப் போட, மச்சான் கேட்டுச் சரியாகச் சொன்னால் நம்புவேன். கடற்காற்றில் என் அம்பிளிபயரின் பியூஸ் பிடியிலும் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. பிளக்கைக் கழற்றி, கொள்ளளவிகள் வடிய நேரம் விட்டு, அதைத் துடைத்தெடுத்தேன். பாட்டு பழையபடிதான் கேட்கிறது. பிடி சூடேறுவது மட்டும் நின்றது.

பழைய பியூஸின் மூடியில் 'ரி 3.15 ஏ எல் 250 வி' என்று பொடி எழுத்தில் பொறித்திருக்கிறது. 'ரி' என்பது மெதுவாக உருகும் வகை. சுவிட்சைப் போட்டவுடன் நிலைமாற்றி இழுக்கும் பெருமின்னோட்டத்தைச் சற்றுத் தாங்கும். அவ்விடத்தில் விரைவாக உருகும் 'எஃப்' வகையைப் போட்டால் போட்டவுடன் போய்விடக்கூடும். மச்சான் அனுப்பியதில் அம்பியர் மட்டுமே உண்டு, வகையோ, சிறு பியூஸ்களுக்கான சர்வதேசத் தரமான ஐ.ஈ.சி. 60127-க்குச் சோதிக்கப்பட்டதற்கான முத்திரையோ இல்லை. ஆகவே அதை மேசை இலாச்சிக்குள் போட்டுவிட்டு, மட்டக்களப்புக் கடையொன்றில் முத்திரையுள்ள கண்ணாடிப் பியூஸ்கள் சிலவற்றை வாங்கி வைத்திருக்கிறேன்.