மண்டையோட்டின் மேல் ஒரு சத்தியம்

துப்பறியும் கதையைப் படிக்கும் வாசகர் ஆசிரியரிடம் கேட்பது ஒன்றுதான்: கொலையாளி யார் என்று கடைசியில் தெரியவரும்போது, அதைத் தாமே கண்டுபிடிப்பதற்குத் தேவையான தடயங்கள் அனைத்தும் முன்பே தம் கண்ணெதிரில் வைக்கப்பட்டிருந்தன என்று அவர் ஒப்புக்கொள்ளும்படி இருக்க வேண்டும். இந்த நேர்மையையே அடிப்படை விதியாகக் கொண்டு 1930இல் லண்டனில் எழுத்தாளர்கள் அமைத்துக்கொண்ட சங்கம்தான் டிடெக்‌ஷன் கிளப். துப்பறியும் கதைகளை நேசிப்பவர்கள் அனைவரும் இதன் கூட்டங்களைப் பற்றி ஒருமுறையாவது படித்துப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அந்தோனி பெர்க்லி என்ற பெயரில் எழுதிவந்த எழுத்தாளர், 1928 வாக்கில், லண்டனுக்கு அருகே வாட்ஃபர்டில் இருந்த தம் வீட்டுக்குச் சக எழுத்தாளர்களை இரவு விருந்துக்கு அழைக்கத் தொடங்கினார். தனித்தனியே அறையில் அமர்ந்து கொலைகளைத் திட்டமிட்டுக்கொண்டிருந்தவர்கள் அந்த விருந்துகளில் ஒருவரோடொருவர் தொழில் பேசினார்கள். இரண்டாண்டுகளில் அது முறையான சங்கமாயிற்று. ஃபாதர் பிரவுன் கதைகளை எழுதிய ஜி.கே. செஸ்டர்டன் முதல் தலைவரானார். அகதா கிறிஸ்டி, டோரதி எல். சேயர்ஸ், ஃப்ரீமன் வில்ஸ் கிராஃப்ட்ஸ், பாதிரியார் ரொனால்ட் நாக்ஸ் ஆகியோர் தொடக்க கால உறுப்பினர்கள். கட்டணம் செலுத்தி எவரும் சேர்ந்துவிட முடியாது. ஏற்கெனவே இருக்கும் உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தால்தான் இடம் கிடைக்கும். வெறும் பரபரப்புக் கதைகளை மட்டும் எழுதியவர்களுக்கு அன்று அங்கே இடமில்லை.

புதிய உறுப்பினரைச் சேர்க்கும் சடங்கைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். இருண்ட அறைக்குள் மெழுகுவர்த்திகள் ஏந்திய உறுப்பினர்கள் ஊர்வலமாக வருவார்கள். எரிக் என்று பெயரிடப்பட்ட மண்டையோடு ஒன்றும் கூடவே கொண்டுவரப்படும். அதன் கண்குழிகளில் விளக்கு எரியும். புதியவர் அதன் மேல் கைவைத்து, தம் துப்பறிவாளர்கள் தெய்வ வாக்கு, உள்ளுணர்வு, தற்செயல், மாயமந்திரம் ஆகியவற்றின் துணையில்லாமல் சொந்த அறிவைக் கொண்டே குற்றங்களைக் கண்டுபிடிப்பார்கள் என்றும், முக்கியமான எந்தத் தடயத்தையும் வாசகரிடமிருந்து மறைப்பதில்லை என்றும், அறிவியல் அறியாத மர்ம விஷங்களை அறவே கைவிடுவதாகவும் வாக்களிக்க வேண்டும். வாக்குத் தவறினால் என்ன சாபம் என்பதும் உண்டு: அவருடைய கதை முடிச்சுகளை மற்றவர்கள் முந்திக்கொண்டு எழுதிவிடட்டும், பதிப்பாளர்கள் ஒப்பந்தத்தில் ஏமாற்றட்டும், பக்கங்களில் அச்சுப்பிழைகள் மொய்க்கட்டும், விற்பனை நாளுக்கு நாள் குறையட்டும். எழுத்தையே பிழைப்பாகக் கொண்டவர்களுக்கு இவற்றை விடக் கொடிய சாபம் இருக்க முடியாது.

சடங்கு எவ்வளவு சுவையாக இருந்தாலும், அந்தச் சங்கத்தின் உண்மையான உழைப்பு அவர்கள் சேர்ந்து எழுதியவற்றில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. 1930இலும் 1931இலும் ஆறு ஆறு பேராகச் சேர்ந்து பிபிசி வானொலிக்காக இரண்டு தொடர்களை எழுதி, அவரவர் பகுதியை அவரவரே வாசித்தார்கள். அதையடுத்து 1931இல் வந்த ‘தி ஃப்ளோட்டிங் அட்மிரல்’ என்ற கூட்டு நாவல் அவற்றைவிடப் பெரிய முயற்சி. ஆற்றில் மிதந்துவரும் படகு ஒன்றில் கடற்படைத் தளபதியின் சடலம் கிடக்கிறது. படகோ ஊர்ப் பாதிரியாருடையது. இந்த இடத்திலிருந்து அத்தியாயத்துக்கு ஓர் எழுத்தாளராகக் கதையை நகர்த்திச் செல்ல வேண்டும். அடுத்தவரைத் திணறடிப்பதற்காக மட்டும் புதிய சிக்கலைப் புகுத்தக் கூடாது. தமக்கு முன் எழுதியவர்கள் விட்டுச்சென்ற ஒவ்வொரு முடிச்சையும் கணக்கில் கொண்டு, கொலையாளி யார், ஏன், எப்படி என்ற தம் தீர்வை அத்தியாயத்தோடு சேர்த்து எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

இந்த விதி எவ்வளவு கடினமானது என்பதை, எழுதிப் பார்க்க முனைகிற எவரும் உணர்வார்கள். ஒருவர் கைதவறி வைத்த திறந்த சன்னலை அடுத்தவர் மறக்க முடியாது. எட்டாவது அத்தியாயத்தில் நாக்ஸ், அதுவரை விடை கிடைக்காத ஐயங்களைத் திரட்டி, முப்பத்தொன்பது என்று எண்ணிட்டு வைத்தார். இறுதிக்கு முந்தைய அத்தியாயத்தை எழுதிய கிளெமென்ஸ் டேன், என்ன நடந்தது என்றே தமக்குப் புரியவில்லை என வெளிப்படையாகத் தம் குறிப்பில் ஒப்புக்கொண்டார். அந்தச் சிக்கல் முழுவதையும் அவிழ்க்கும் பொறுப்பு பெர்க்லியிடம் வந்தது. அவர் எழுதிய இறுதி அத்தியாயம்தான் நூலிலேயே மிக நீளமானது. மற்றவர்கள் கொடுத்த தீர்வுகளும் பின்னிணைப்பாக அச்சாகியிருப்பதால், ஒரே தடயங்களை வைத்துக்கொண்டு தேர்ந்த எழுத்தாளர்கள் எத்தனை வேறுபட்ட முடிவுகளுக்கு வந்தார்கள் என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கதை எழுத விரும்புகிறவர்களுக்கு இந்தப் பின்னிணைப்பைப் போன்ற பயிற்சி நூல் அரிது. இத்தகைய கூட்டுப் படைப்புகளின் வருமானம், லண்டனின் சோஹோ பகுதியில் ஜெரார்ட் தெருவில் சங்கத்துக்கென அறைகள் வைத்துக்கொள்ள உதவியது.

1933இல் எழுத்தாளர்கள் தத்தம் துப்பறிவாளர்களை மாற்றிக்கொண்டு எழுதினார்கள். சேயர்ஸின் லார்டு பீட்டர் விம்சியை பெர்க்லி எழுத, பெர்க்லியின் ரோஜர் ஷெரிங்கமை சேயர்ஸ் எழுதினார். 1936இல் ஆறு பேர் ஆளுக்கொரு பிடிபடாத கொலையைக் கற்பனை செய்து எழுத, லண்டன் காவல்துறைத் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டின் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் அவற்றில் காவல்துறை எங்கே பிடித்திருக்கும் என்று மதிப்பிட்டார்.

செஸ்டர்டனுக்குப் பின் ஈ.சி. பென்ட்லியும், 1949 முதல் சேயர்ஸும் தலைமை வகித்தார்கள். சேயர்ஸ் 1957இல் மறைந்தபின், மேடையில் பேசும் கடமை தமக்கு இருக்கக் கூடாது என்ற நிபந்தனையுடன் அகதா கிறிஸ்டி அப்பொறுப்பை ஏற்றார்; பேச்சுகளை இணைத் தலைவரான லார்டு கோரெல் கவனித்துக்கொண்டார். 1985 முதல் 2000 வரை தலைவராக இருந்த எச்.ஆர்.எஃப். கீட்டிங் நமக்கு நெருக்கமானவர். பம்பாய்க் காவல் ஆய்வாளர் கோட்டேயைப் படைத்தவர் அவர்தான். இந்தியாவைப் பார்க்காமலே பத்தாண்டுகள் அந்தக் கதைகளை எழுதிவிட்டு, அதன்பிறகே அவர் பம்பாய்க்கு வந்தார்.

சங்கம் இன்றும் கூடுகிறது. 2016இல் அன்றைய உறுப்பினர்கள் சேர்ந்து, பழைய கூட்டு நாவலுக்கு மரியாதையாக ‘தி சிங்க்கிங் அட்மிரல்’ (மூழ்கும் தளபதி) என்ற இன்னொரு கூட்டு நாவலை வெளியிட்டார்கள்.