சார்ஜரைக் கழட்டினா சத்தம் இல்ல

"சார்ஜரைக் கழட்டிட்டா அந்த உர்ர்ர் வரல தம்பி. அப்படியே படிச்சு முடிச்சிடட்டுமா?" என்று அக்கா வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். "முடிச்சிடுங்கக்கா" என்று பதில் போட்டிருந்தால் அன்றைக்கே வேலை தீர்ந்திருக்கும். நான் போட்ட பதில் இது: "லேப்டாப் மேல கை வச்சா சுருக்குனு இருக்கா?"

இந்தக் கேள்வி என் வேலையில் சேருமா சேராதா என்பது இன்னமும் எனக்குப் பிடிபடவில்லை.

வீட்டிலிருந்தே ஒலிப்புத்தகம் படித்து அனுப்புகிறவர்களின் ஃபைலைச் சுத்தம் செய்து கொடுப்பது என் தொழில். பேச்சில்லாத இடத்தில் இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பார்கள். அக்காவின் ஃபைல் அதற்குக் கிட்டத்தில்கூட வரவில்லை. வழக்கமான விசாரணையெல்லாம் முடிந்திருந்தது. ஃபேன், ஃப்ரிட்ஜ், டியூப்லைட் எல்லாம் ஆஃப், செல்போன் ஏரோப்ளேன் மோடில். அப்படியும், ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரத்தில் 50, 100, 150, 200 ஹெர்ட்ஸில் கோடு கோடாக நின்றது. நம் வீட்டுக் கரன்ட்டின் அதிர்வெண் 50, மற்றவை அதன் மடங்குகள். 50 மட்டும் என்றால் 80க்குக் கீழே இருப்பதை வெட்டிவிட்டுப் போய்விடலாம். பெண் குரலின் அடிப்படைச் சுருதியே 200ஐ ஒட்டித்தான் இருக்கும். அங்கே கத்தி வைத்தால் குரலின் சதையும் சேர்ந்து போகும். நாய்ஸ் ரிடக்‌ஷனைக் கொஞ்சம் அழுத்திப் போட்டால், வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் ஆகிவிடும். அக்காவுக்கு நல்ல குரல். அதைக் கெடுக்க மனசு வரவில்லை.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. அந்த உர்ர்ர் சத்தம், எங்கள் பாஷையில் ஹம், ஒரே சீராக இல்லை. நடுநடுவே சட்டென்று இறங்கி, பிறகு ஏறியது. இறங்கிய இடங்களெல்லாம் அவர் பக்கம் தள்ளுகிற இடங்கள். பிடிஎஃப்பை நகர்த்த விரல் டச்பேடில், உள்ளங்கை லேப்டாப்பின் உலோகத்தில். ஆள் தொட்டால் ஹம் குறைகிறது என்றால், கரன்ட் போக வேறு வழியில்லாமல் ஆள் வழியாகப் போகப் பார்க்கிறது. இது தெரிந்த பிறகு அந்தக் கேள்வி கை தானாக டைப் செய்தது.

"அது எப்பவும் இருக்கிறதுதான் தம்பி. செருப்புப் போட்டுக்கிட்டா தெரியாது. வாஷிங் மெஷின்லயும் லேசா இருக்கும், ஈரக்கையோட தொட மாட்டோம்" என்றார், சிரித்துக்கொண்டே.

லேப்டாப்போடு நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். மூன்று பின் சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்டச் சின்னக் கெபாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். அவை வழியே கசியும் துளிக் கரன்ட் எர்த் பின்னில் இறங்கிவிட வேண்டும். எர்த் இல்லாவிட்டால் லேப்டாப் உடம்பு பாதி வோல்டேஜில், அதாவது 115ஐ ஒட்டி மிதக்கும். கேட்கப் பயமாக இருந்தாலும் அதில் ஓடக்கூடியது ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு. சுருக்கென்னும், ஆளைக் கொல்லாது. வாஷிங் மெஷின் அப்படியல்ல. உள்ளே எங்காவது ஒயரின் தோல் உரிந்து உடம்பில் பட்டால், எர்த் இருக்கிற வீட்டில் ஃபியூஸ் போகும். இல்லாத வீட்டில் ஒன்றும் நடக்காது, முழு 230 வோல்ட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கும், யாராவது ஈரத்தரையில் நின்று தொடும் வரை.

"அக்கா, ரெக்கார்டிங் கிடக்கட்டும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இருக்கானு பாக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் மெஷின் போடாதீங்க" என்று எழுதினேன். அந்த வாக்கியத்தைப் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன். அதில் தப்பாக ஒரு சொல் இல்லை.

எலக்ட்ரீஷியன் வந்து டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்திருக்கிறார். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே பல்பு எரிந்தது. ஃபேஸுக்கும் எர்த் ஓட்டைக்கும் நடுவே எரியவில்லை, மாடியில் எந்தப் பிளக்கிலும். கீழே வீட்டுக்காரர் போர்ஷனில் எர்த் குழி, ஒயர் எல்லாம் உண்டு. பின்னாளில் மாடி எழுப்பியபோது மூன்று ஓட்டைப் பிளக்கை வாங்கி மாட்டியவர்கள், மூன்றாவது ஓட்டைக்கு ஒயர் இழுக்கவில்லை.

இதுவரை என் பக்கம் நியாயம். இதற்கப்புறம்தான் சிக்கல்.

"இத்தனை வருஷமா குடியிருந்தவங்களுக்கு அடிக்காத ஷாக் உங்களுக்கு மட்டும் எப்படி அடிக்குது?" என்று வீட்டுக்காரர் ஆரம்பித்திருக்கிறார். பேச்சு எர்த்திலிருந்து நழுவி, கதவைச் சாத்திக்கொண்டு மாடியில் என்ன வேலை நடக்கிறது என்பதற்குப் போனது. "வீட்டு கரன்ட்ல தொழில் பண்றீங்களா? நாளைக்கு ஈபிக்காரன் வந்தா யார் பதில் சொல்றது?" காலர் மைக்கும் பழைய லேப்டாப்பும் எவ்வளவு யூனிட் இழுத்துவிடும் என்று கேட்கத் தோன்றும். ஆனால் அவருக்கு யூனிட் கணக்கு பிரச்சனையே இல்லை, குடியிருப்பவர் குறை சொன்னதுதான் பிரச்சனை. கடைசியில் அக்கா குடும்பம் வீட்டைக் காலி செய்தது.

புது வீட்டில் எர்த் இருக்கிறது. வீடு மெயின் ரோட்டில். ஹம் சுத்தமாகப் போய், ஏர் ஹாரன் வந்தது. ஹம்மாவது ஒரே இடத்தில் நிற்கும், வெட்டப் பார்க்கலாம். குரல் மேல் ஏறிய பஸ் ஹாரனை, குரலைக் கெடுக்காமல் பிரிப்பது பெரும்பாடு. விடிவதற்கு முன்னால் எழுந்து மிச்ச அத்தியாயங்களைப் படித்து முடித்தார். முதல் பாதியும் இரண்டாம் பாதியும் வேறு வேறு அறை என்று காது உள்ளவர்களுக்குத் தெரியும். அடுத்த புத்தகத்துக்குக் கேட்டபோது, "இந்த வீடு சரிப்படாது தம்பி. அந்த வீடு அமைதியா இருந்துச்சு" என்றார். குறையாகச் சொல்லவில்லை. குறையாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

இதே தொழிலில் இருக்கும் நண்பரிடம் சொன்னேன். "உன்னைக் கூப்பிட்டது சத்தத்தை எடுக்க. சார்ஜரைக் கழட்டினா போயிடுச்சு. அத்தியாயத்துக்கு அத்தியாயம் சார்ஜ் போட்டுக்கச் சொல்லியிருந்தா முடிஞ்சுது" என்றார். அந்த லேப்டாப் பேட்டரி ஓர் அத்தியாயம் தாங்கும், உண்மைதான். "இல்லைன்னா ஒரு ஆர்சிசிபி போடச் சொல்லியிருக்கலாம்" என்றும் சொன்னார். அதுவும் சரிதான். போகிற கரன்ட்டும் திரும்புகிற கரன்ட்டும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசப்பட்டால் கட் செய்துவிடும், அதற்கு எர்த் தேவையில்லை. ஆனால் அதைப் பொருத்த வீட்டுக்காரரின் போர்டைத் திறக்க வேண்டும். எந்த வழியில் போனாலும் அவர் வாசலில்தான் போய் நிற்கிறது.

ஒருவேளை அந்த மெஷின் இன்னும் இருபது வருஷம் ஒன்றும் ஆகாமல் ஓடியிருக்கும். நல்ல குரல் ஒன்று இன்னும் பத்துப் புத்தகம் படித்திருக்கும். நடக்காத விபத்தைக் காட்டி நான் எதை நிரூபிப்பது? நடந்திருந்தால் மட்டும், ஹம்மைக் கேட்டவன் ஏன் சொல்லவில்லை என்று என்னை யார் கேட்கப் போகிறார்கள்? யாரும் கேட்க மாட்டார்கள் என்பதே எனக்குப் பெரிய சமாதானமாகவும் இல்லை.

இப்போதெல்லாம் ஃபைலில் 50 ஹெர்ட்ஸ் கோடு தெரிந்தால், முதலில் சொந்த வீடா வாடகையா என்று கேட்கிறேன். சொந்த வீடு என்றால் எர்த்தைப் பற்றி விரிவாக எழுதுவேன். வாடகை என்றால் பேட்டரியில் படிக்கச் சொல்வேன். இது சரியான ஏற்பாடு இல்லை என்று தெரியும். எர்த் இல்லாத மாடிகளில் குடியிருப்பவர்கள் பெரும்பாலும் வாடகைக்காரர்கள்தான்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன். அதே கோடுகள். "வாடகைதான் சார். அதுக்கும் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டான். சும்மாதான் என்று சொல்லி, பேட்டரியில் படிக்கச் சொன்னேன். சத்தம் போய்விட்டது. அப்புறமும் இருப்புக் கொள்ளாமல், வீட்டில் வாஷிங் மெஷின் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். குளிக்க வாளியில் போடுகிற ஹீட்டர் ராடு மட்டும்தான் இருக்கிறதாம்.