250 ஓகே வந்த பிறகு

"மெயில் போயிடுச்சு சார். 250 ஓகே வந்திருக்கு. இனி உங்க பக்கம்தான் பாக்கணும்."

பேக்கப் முடிந்ததும் அதன் முடிவு நம் சர்வருக்கு மெயிலாக வரும்; ஒரு ஸ்கிரிப்ட் அதைக் கண்காணிப்பு மென்பொருளான நாகியோஸில் பதிக்கும். திரை மாறாததால் மெயில் போனதா என்று கேட்டோம். பேக்கப் டீமின் இந்தப் பதிலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மெயில் அனுப்பும் முறையான எஸ்எம்டிபியில் 250 என்றால் 'ஏற்றுக்கொண்டேன்'; வாங்குகிற சர்வர் அதைச் சொன்னதுமே மெயிலுக்கு அதுதான் பொறுப்பு. அனுப்பியவர் தன் கியூவிலிருந்து அதை அழித்துவிடலாம். ஆனால் நாகியோஸ் திரையில் அந்த பேக்கப் சர்வீஸ் அசையாமல் பச்சையில் நின்றது. சிவப்பாக இருந்திருந்தால் அன்றே கவனித்துச் சரிசெய்து மறந்திருப்போம்.

வழக்கமான சந்தேகங்கள் சீக்கிரம் கழிந்துவிடும். ரெட்ஹேட் வகை லினக்ஸில் மெயில் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் நிறுவியதும், மெயில் வாங்கும் 25ஆம் போர்ட்டை லோக்கல்ஹோஸ்டில் (அதே கணினிக்குள்) மட்டும்தான் திறந்து வைக்கும். அதைத் தீர்மானிக்கும் ஐநெட் இன்டர்ஃபேசஸ் வரியை மாற்றினால் ரீலோட் போதாது, ரீஸ்டார்ட் வேண்டும். ஃபயர்வாலில் எஸ்எம்டிபியைச் சேர்க்காவிட்டால் அனுப்புகிற பக்கம் 'நோ ரூட் டு ஹோஸ்ட்' வரும். ரூட்டிங்கில் கோளாறு என்று நெட்வொர்க் ஆட்களைக் கூப்பிட வைக்கும் மோசமான மெசேஜ் அது. மைடெஸ்டினேஷனில் (சர்வர் தனக்கென ஏற்கும் பெயர்களின் பட்டியல்) சர்வரின் முழுப்பெயர் இல்லையென்றால் 'ரிலே ஆக்சஸ் டினைட்' என்ற மறுப்பு. மெயில்கள் காத்திருக்கும் ஸ்பூல் உள்ள டிஸ்க் நிரம்பினால் 452 என்ற மறுப்பு. இவை எல்லாமே அனுப்பியவருக்குத் தெரியும்படி தோற்பவை. 250 வந்துவிட்டது என்றால் இதில் எதையும் தோண்ட வேண்டியதில்லை.

மெயில் லாக்கிலும் 'ஸ்டேட்டஸ் சென்ட்' என்றே இருந்தது, பக்கத்தில் 'டெலிவர்ட் டு கமாண்ட்'. எந்த முகவரியின் மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் அலியாஸ் ஃபைலில் பைப் குறி போட்டு ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். அது மெயிலைப் படித்து நாகியோஸின் கமாண்ட் ஃபைலில் ஒரு வரி எழுத வேண்டும். புது சர்வருக்கு மாறியபோது அலியாஸ் ஃபைல் ரூட் (நிர்வாகி) பெயரில் வந்திருந்தது. அப்படிப்பட்ட ஃபைலில் உள்ள கமாண்டை போஸ்ட்ஃபிக்ஸ் அதிக உரிமை இல்லாத நோபடி யூசராகத்தான் ஓட்டும். கமாண்ட் ஃபைலோ நாகியோஸ் யூசரும் அதன் குரூப்பும் மட்டுமே எழுதக்கூடிய நேம்ட் பைப் (ஒரு புரோகிராம் எழுதுவதை இன்னொன்று படிக்கும் சிறப்பு ஃபைல்). பர்மிஷன் டினைட். ஸ்கிரிப்டின் கடைசி வரியோ 'எக்ஸிட் 0', அதாவது 'எல்லாம் சரி'. ஆக, போஸ்ட்ஃபிக்ஸுக்கு எல்லாம் சுபம். கடைசி நிலைகளைச் சேமிக்கும் நாகியோஸின் ரிடென்ஷன் ஃபைல் பழைய சர்வரின் பச்சையையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருந்தது.

பர்மிஷனைச் சரிசெய்வது சுலபம்: போஸ்ட்ஃபிக்ஸின் மாஸ்டர் சிஎஃப் ஃபைலில் நாகியோஸ் யூசராக ஓடும் ஒரு பைப் சர்வீஸ், மெயில் போகும் வழியைச் சொல்லும் டிரான்ஸ்போர்ட் மேப்பில் அந்த முகவரிக்கு ஒரு வரி. கூடவே அந்த பேக்கப் சர்வீஸுக்கு, கடைசி முடிவு வந்து எவ்வளவு நேரமாயிற்று என்று பார்க்கும் ஃப்ரெஷ்னஸ் செக்கை நாகியோஸில் இயக்கி, வரம்பை 93600 விநாடி, அதாவது 26 மணி நேரம் என்று வைத்து, செக் கமாண்டாக செக் டம்மியை 2 (சிவப்பு நிலை) கொடுத்துப் போட்டாயிற்று. மெயில் வராவிட்டால் தானாகச் சிவக்கும்.

அந்த எக்ஸிட் 0தான் தீராத வழக்கு. அதைப் போட்டவர் விவரமில்லாமல் போடவில்லை. ஸ்கிரிப்ட் 1 என்று முடிந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் மெயிலை பவுன்ஸ் செய்யும், அதாவது அனுப்பியவருக்கே திருப்பிவிடும்; பவுன்ஸ் பேக்கப் சர்வரின் நோரிப்ளை முகவரிக்குப் போகும்; அது ஒவ்வொன்றையும் டிக்கெட்டாக மாற்றும். அந்தத் தொல்லைக்கு எக்ஸிட் 0 நியாயமான மருந்துதான்.

இப்போது காரணத்துக்கு ஏற்ற கோட். மெயிலின் உள்ளடக்கம் புரியவில்லை என்றால் (ஜாப் பெயரில் ஆங்கிலமல்லாத ஓர் எழுத்து சேர்ந்தாலே பாடி பேஸ்64 குறியீடாக மாறிவிடலாம், சொல் தேடும் கிரெப் எதையும் காணாது) மெயிலைத் தனி டைரக்டரியில் வைத்துவிட்டு, நாகியோஸுக்கு 3 ('நிலை தெரியவில்லை', ஆரஞ்சு), போஸ்ட்ஃபிக்ஸுக்கு 0. கமாண்ட் ஃபைல் நேம்ட் பைப்பாக இல்லை என்றால் போஸ்ட்ஃபிக்ஸுக்கு 75, 'பிறகு முயன்று பார்'. நாகியோஸ் நிற்கும்போது அந்த ஃபைலை அழித்துவிடும். சோதிக்காமல் எழுதினால் அதே பெயரில் சாதாரண ஃபைல் உருவாகி, நாகியோஸ் திரும்பக் கிளம்பும்போது 'ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்' என்று மறுக்கும். 75 வந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் மெயிலை டிஃபர்டு கியூவில் போட்டு மறுபடி முயலும். இடைவெளி 300 விநாடியில் தொடங்கி 4000 வரை நீளும். ஆயுள் 5 நாள்.

இதுதான் சரி என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் வெள்ளி இரவு கியூவில் மாட்டிய 'சக்சஸ்' திங்களன்று டெலிவர் ஆகிறது. ஸ்கிரிப்ட் அதைப் புது முடிவாக எழுதுகிறது, ஃப்ரெஷ்னஸ் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து. சனி, ஞாயிறு பேக்கப்புகள் ஓடாமலே இருந்தாலும் 26 மணி நேரத்துக்குப் பச்சை. எக்ஸிட் 0வில் இந்தப் பொய் நேர வழியில்லை; தொலைந்த மெயில் திரும்பி வந்து யாரையும் ஏமாற்றாது.

அதனால் டேட் ஹெட்டர் 6 மணி நேரத்துக்கு மேல் பழையதென்றால் முடிவு எதுவானாலும் 3 என்று எழுதும்படி மாற்றியாயிற்று. "நல்லா முடிஞ்ச பேக்கப்பை எதுக்கு சார் ஆரஞ்சுல காட்டறீங்க?" என்று அதே டீம் கேட்டது. அவர்கள் கேட்டதும் நியாயம்தான். ஆரஞ்சைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டால் பிறகு அதையும் யாரும் பார்ப்பதில்லை.

யூபிஎஸ்களின் நிலையை மெயிலில் அனுப்பும் நெட்வொர்க் கார்டுகள் இன்னொரு சிக்கல். கடிகாரத்தைத் தானாகச் சரிசெய்யும் என்டிபி அமைக்காத கார்டு 1970 என்றோ 2000 என்றோ தேதி போட்டு அனுப்பும். அதன் மெயில் எல்லாமே பழையதாகிவிடும். அவற்றுக்கு மட்டும் மேலாக இருக்கும் ரிசீவ்டு ஹெட்டரைப் படிக்கிறது ஸ்கிரிப்ட். அது நம் போஸ்ட்ஃபிக்ஸே போட்ட நேரம், நம் கியூவில் கிடந்த தாமதம் தெரிந்துவிடும். நடுவில் ஒரு ரிலே (மெயிலைக் கைமாற்றிவிடும் சர்வர்) இருந்து, மெயில் அங்கே கிடந்தால் தெரியாது. இப்போதைக்குக் கார்டுகள் நேராக நம் சர்வருக்கே அனுப்புகின்றன. ரிலே வழியாக விடலாமா என்று நெட்வொர்க் டீம் கேட்டிருக்கிறது. பதில் இன்னும் போகவில்லை.