ரிஸ்க் போட்டி: அவசரமா, நிதானமா? முதலில் கார்டு விதியைக் கேளுங்கள்

உலக வரைபடப் பலகையில் டைஸ் உருட்டி, படையை வைத்து நாடு பிடிக்கும் ஆட்டம்தான் ரிஸ்க். ஓசூரில் நடந்த அதன் போட்டி ரிசல்ட் வந்தாச்சு. தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து போன நல்ல ஆட்டக்காரர்கள் பாதியிலேயே வெளியேறியதில் மனசு ஆறவில்லை. ஆட்டம் தெரியாமல் தோற்கவில்லை, வேகம் தப்பித் தோற்றார்கள்.

டைஸ் உருட்டும் முன் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: கார்டு செட்டின் மதிப்பு (மூன்று கார்டைக் கொடுத்தால் கிடைக்கும் படை) ஒவ்வொரு மாற்றுக்கும் ஏறுமா, ஒரே அளவா?

ஒரே அளவு என்றால் (காலாட்படை 4, குதிரை 6, பீரங்கி 8, மூன்றும் கலந்தால் 10) நிதானம்தான். ஆஸ்திரேலியாக் கண்டத்தை முழுசாகப் பிடியுங்கள். நாலே நாடு, ஒரே வாசல் இந்தோனேசியா, சுற்றுக்கு 2 படை கூடுதல். ஆசியாவின் 7-க்கு ஆசைப்படாதீர்கள். 12 நாடு, 5 எல்லை, காவல் போட்டு மாளாது.

ஏறும் என்றால் (4, 6, 8, 10, 12, 15, அப்புறம் ஐந்தைந்தாக) கதையே வேறு. நம்மூர்க்காரர்கள் சறுக்குவது இங்கேதான். ஆடு புலி ஆட்டத்தில் 15 ஆட்டையும் இறக்கி முடிக்கும்வரை ஓர் ஆடும் நகராது. அந்தப் பொறுமை பழகிய கை இங்கேயும் எல்லையில் படையைக் குவித்துக்கொண்டே இருக்கும். செட் 20-ஐத் தொட்டபின் கண்டத்துக்குக் கிடைக்கும் 2, 5 எல்லாம் சில்லறை.

அப்போது வேட்டை ஆளைத்தான். எதிரிக்கு 5 நாட்டில் 8 படை, கையில் 4 கார்டு. உங்களிடம் 2 கார்டு என்று வையுங்கள். அவரை முழுசாக ஒழித்தால் உங்கள் கையில் 6 கார்டு. அதே முறையிலேயே செட் மாற்றியாக வேண்டும், 20 படை இறங்கும், அதை வைத்தே அடுத்தவர் மேல் பாயலாம். கணக்கு: 8 படை + பிடித்த நாட்டில் விட்டுப்போக 5 + கைக்காவல் 3 = 16. பதினாறு இல்லையென்றால் தொடாதீர்கள். கடைசி நாடு ஒன்று மிஞ்சினால்கூட அடுத்த முறைக்காரர் அதைத் தட்டிவிட்டு நாலு கார்டையும் அள்ளிக்கொள்வார். அரைகுறை வேட்டையைவிட சும்மா இருப்பதே மேல்.

எந்த விதியானாலும்:

- 4 படை இருந்தால்தான் 3 டைஸ். நீங்கள் 3 டைஸ், காப்பவர் 2 டைஸ் என்றால் இருவருக்கும் ஒரு படை ஒன்றொன்று போவது 34%, நீங்கள் இரண்டையும் எடுப்பது 37%, இழப்பது 29%. மூன்று படைக்கு இறங்கிவிட்டால் 2 டைஸ்தான். இரண்டுக்கு இரண்டில் இரண்டையும் இழப்பது 45%. அங்கேயே நிறுத்துங்கள்.
- ஒரு முறைக்கு ஒரு கார்டுதான். அதற்கு ஒரு நாடு பிடித்தால் போதும், பத்து பிடித்தாலும் அதே.
- 11 நாடு வரை சுற்றுக்கு 3 படை, 12 ஆனால் 4. பதினொன்றில் நிற்கிறீர்களா, இன்னொன்றைப் பிடியுங்கள். ஒன்பதில் நின்றால் பத்தாவதற்காகப் படையை இழக்காதீர்கள்.