தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு போகாதீர்கள்

பார்த்ததை நினைவில் வைக்கும்போது மூளையில் என்ன நடக்கிறது என்ற ஆராய்ச்சிக்குத் தலையைக் கொடுக்க ஒப்புக்கொண்டேன். ஒரு மத்தியான வேலை என்றார்கள். மூன்று நடை ஆயிற்று.

முதல் நடையைக் கணுக்கால் கெடுத்தது. பழைய பைக் விபத்தில் வைத்த தகடு. டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்த உலோகம் என்று இல்லை. எம்ஆர்ஐ ஸ்கேனரின் 3 டெஸ்லா (காந்த பலத்தின் அளவு) காந்தத்துக்குள் அப்படி விட மாட்டோம் என்று டெக்னீஷியன் கையை விரித்துவிட்டார். ஆபரேஷன் நடந்த மருத்துவமனையின் ரெக்கார்டு அறையில், "பழைய ஃபைலா? சாப்பாட்டுக்கு அப்புறம் வாங்க" என்றார்கள். அந்தச் சாப்பாடு நாலு மணி வரை நீண்டது. கடைசியில் ஆபரேஷன் குறிப்பில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் ‘டைட்டானியம்’ என்று கண்ணில் பட்டது. காந்தம் இழுக்காத உலோகம்; தப்பித்தேன். உடம்பில் எதை வைத்தாலும் அந்த ஸ்டிக்கரின் நகலைக் கையோடு வாங்கிவிடுங்கள்.

இரண்டாம் நடைக்கு அம்மா காரணம். "வெயில்ல அலையறே" என்று தலை நிறைய எண்ணெய் வைத்துவிட்டார். ஸ்கேனருக்குள் இஇஜி தொப்பியும் (மூளையின் மின்சாரத்தைத் தலைமேலிருந்து அளப்பது) போட வேண்டும். எண்ணெய்த் தலையில் சிக்னல் சரியாக வராதாம். திரும்பினேன். அன்று காபியும் குடித்திருந்தேன், அதுவும் தப்பு. காஃபின் மூளையின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும்.

மூன்றாம் முறை தொப்பி, ஜெல், எல்லாம் சரி. திரையில் அம்புக்குறி காட்டும் பக்கம் உள்ள சதுரங்களின் நிறத்தை மட்டும் மனதில் வைத்து, ஒரு நொடி கழித்து நிறம் மாறியதா என்று பொத்தானை அழுத்த வேண்டும். மூன்று சதுரம் வரை நான் ராஜா. ஆறு வந்ததும் குருட்டாம்போக்குதான். (பெரும்பாலோருக்கு மூன்று, நான்கோடு சரியாம். மனம் தேறியது.)

எரிச்சலூட்டியது இடைவெளி. ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் பத்துப் பன்னிரண்டு நொடி ஒரு கூட்டல் குறியையே முறைத்துக்கொண்டு கிடக்க வேண்டும். வெளியே வந்ததும் ஆய்வு மாணவியிடம் சண்டைக்குப் போனேன்.

"உங்க ரத்தத்துக்காகத்தான் சார் காத்திருந்தோம்" என்றார். மூளையின் மின்சாரத்தை இஇஜி மில்லிநொடிக் கணக்கில் பிடித்துவிடும்; ஆனால் எந்த இடம் என்று துல்லியமாகச் சொல்லாது. வேலை செய்யும் இடத்துக்கு ஆக்சிஜனோடு பாயும் ரத்தம் ஸ்கேனரில் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்; அது உச்சத்துக்கு வரவே ஐந்தாறு நொடி, வடிய இன்னும் கொஞ்ச நேரம். அதற்குள் அடுத்த படம் வந்தால் எது எதனுடையது என்று பிரிப்பது பெரும்பாடு. சதுரங்கள் கூடக்கூட பெரைட்டல் பகுதியில் (மூளையின் மேல்-பின்பக்கம்) இரண்டு சிக்னலும் ஏறுமாம், மூன்று நான்கில் நின்றுவிடுமாம்.

இருமல் இருந்தால் போகவே போகாதீர்கள். ஒரே ஒரு இருமலில் தலை அசைந்து, ஒரு சுற்று முழுவதையும் மறுபடி செய்ய வைத்தார்கள்.

ஜெல் போக இரண்டு முறை தலைக்குக் குளித்தேன். வெளியே வந்தால் அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்கிறார்.