கோபம் இருக்கிறது, நிதானமும் வந்திருக்கிறது

இருபது வயதில் யாராவது முறைத்தால்கூடச் சண்டைக்குப் போவேன். நான் திருநங்கை என்று தெரிந்ததும் சொந்த வீட்டிலேயே முகம் கொடுத்துப் பேசாத காலம் அது. கோபம் இப்போதும் இருக்கிறது, அதை எங்கே காட்டுவது என்று தெரிந்திருக்கிறது.

அதைக் கற்றுக்கொடுத்தது எங்கள் ஆட்கள்தான். நர்த்தகி நடராஜ் அம்மா மதுரையில் வீட்டைவிட்டு வெளியேறி, தஞ்சை கிட்டப்பா பிள்ளையிடம் போய், வருஷக்கணக்கில் அவரிடமே இருந்து பரதம் கற்றார். 2019-இல் பத்மஸ்ரீ. அந்தப் பொறுமையை நினைத்தாலே எனக்குக் கண் கலங்கும். அப்புறம் பிரித்திகா யாஷினி. காவல் உதவி ஆய்வாளர் வேலைக்கு விண்ணப்பித்தபோது நிராகரித்தார்கள். 2015-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார்.

நம் பாலினத்தை நாமே சொல்லலாம் என்று 2014 ஏப்ரலிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனாலும் போன வாரம் ஒரு வீட்டுக்காரர், "குடும்பங்கள் இருக்கிற இடம்மா" என்று அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார். நான் கத்தவில்லை. "நானும் சம்பாதித்து வாடகை கட்டுகிறவள்தான் ஐயா" என்று அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை.

சென்னையில் எனக்கு வாடகைக்கு வீடு தர மனமுள்ளவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். ஒரு படுக்கையறை போதும்.